மூச்சைப் பற்றி நோயாளியிடமே பேசுவோம்

நெஞ்சறை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, நோயாளியின் கட்டிலருகே நாங்கள் சென்று நிற்கும் வேளையில் அடிக்கடி நிகழும் ஒன்று உண்டு. மகனோ மருமகனோ எழுந்து வந்து, "டாக்டர், கொஞ்சம் வெளியே வரீங்களா?" என்று தாழ்ந்த குரலில் அழைப்பார். தாழ்வாரத்தில் நின்றபடி, "அப்பாவுக்கு எதுவும் தெரியாதுங்க. நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்க எதையும் சொல்லிடாதீங்க. கையெழுத்து நான் போடறேன்" என்பார்.

அந்த வேண்டுகோளில் இருப்பது அன்பு என்பதை நாங்கள் அறிவோம். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார், இரவெல்லாம் உறங்கமாட்டார், வேண்டாம் என்று வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார் என்னும் அச்சம் அதற்குள் இருக்கிறது. அந்த அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. ஆயினும், நெஞ்சறையைத் திறந்து செய்யப்படும் அறுவைகளில் நோயாளியிடமிருந்து உண்மையை மறைப்பது அவரைக் காப்பதாகாது. பல வேளைகளில் அது அவருடைய உயிருக்கே இடராக முடியும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

ஒரு நுரையீரலை நிறுத்துதல்

வயிற்றிலோ காலிலோ அறுவை செய்யும்போது, மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் இரு நுரையீரல்களும் சுவாசக் கருவியின் துணையுடன் இயங்கிக்கொண்டே இருக்கும். நெஞ்சறை அறுவையின் நிலை வேறு. அறுவை மருத்துவர் கை வைக்க வேண்டிய இடமே நுரையீரல். ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கும் உறுப்பில், பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகே, நுட்பமாகத் தைப்பது மிகக் கடினம். ஆகவே அறுவை நடைபெறும் பக்கத்து நுரையீரலைச் சுருங்கவிட்டு, மற்றொரு நுரையீரலை மட்டும் இயக்கி, அந்த ஒன்றினாலேயே நோயாளியைச் சில மணி நேரம் வாழவைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கென இருவழிக் குழாய் ஒன்று உண்டு. வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தப்படும் அக்குழாய்க்குள் இரண்டு பாதைகள் இருக்கும். ஒரு பாதை மூச்சுக்குழலிலேயே முடிந்துவிடும். மற்றொன்று கீழே இறங்கி, இடது அல்லது வலது கிளைக்குழலுக்குள் செல்லும. பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் இக்குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 12 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருக்கும். வழக்கமான அறுவைகளில் பயன்படும் ஒற்றைக் குழாயைவிட இது தடித்தது, வளைவதும் குறைவு. ஆகவே இதனைச் செலுத்துவதும் கடினம்.

செலுத்தினால் மட்டும் போதாது. அது உரிய இடத்தில் நிற்க வேண்டும். வலது கிளைக்குழல் குட்டையானது. வலது நுரையீரலின் மேல் மடலுக்குச் செல்லும் வாயில் மிக விரைவிலேயே பிரிந்துவிடும். குழாய் சிறிது ஆழமாகப் போனாலும் அந்த வாயில் அடைபட்டு, ஒரு மடல் முழுவதும் காற்றின்றி நின்றுவிடும். இடது கிளைக்குழல் நீளமானது என்பதால் பெரும்பாலும் இடப்பக்கக் குழாயையே தேர்ந்தெடுக்கிறோம். மெல்லிய உள்நோக்குக் கருவியைக் குழாய்க்குள் விட்டு அதன் இடத்தைக் கண்ணால் கண்டு உறுதி செய்கிறோம். பின்னர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது குழாய் நகர்ந்துவிடக்கூடும் என்பதால், மீண்டும் ஒருமுறை பார்க்கிறோம்.

ஒரு நுரையீரல் நின்றுவிட்ட பின்னும் அதன் வழியே இரத்தம் ஓரளவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த இரத்தம் ஆக்சிஜனைப் பெறாமலேயே இதயத்துக்குத் திரும்பும். காற்றில்லாத நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, இரத்தத்தை இயங்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது உடலின் இயல்பு. அவ்வியல்பு கைகொடுத்தும், சிலருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கும். அப்போது அறுவை மருத்துவர் கையை நிறுத்துவார். மயக்கவியல் மருத்துவர் குழாயின் இடத்தைச் சரிபார்ப்பார். தேவையெனில் நின்ற நுரையீரலைச் சற்று நேரம் மீண்டும் விரியச் செய்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டே செய்யும் அறுவை இது.

இந்த வசதி எளிதில் வந்ததன்று. நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும் என்பதால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நெஞ்சறை அறுவை மருத்துவர்கள் அஞ்சிய பகுதியாகவே இருந்தது. 1949-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் எரிக் கார்லென்ஸ், இரு நுரையீரல்களின் திறனையும் தனித்தனியே அளப்பதற்காக ஓர் இருவழிக் குழாயை உருவாக்கினார். விரைவிலேயே அது அறுவை அரங்குக்குள் வந்தது. நோயுற்ற நுரையீரலின் சீழும் சளியும் இரத்தமும் நல்ல நுரையீரலுக்குள் வழிந்து நோயாளியை மூழ்கடிக்காமல் தடுக்க அது உதவியது. இன்று நாங்கள் கையாளும் குழாய்கள் அதன் வழித்தோன்றல்களே.

உங்கள் வாயையும் கழுத்தையும் ஏன் பார்க்கிறோம்?

இத்தனை தடித்த குழாய் செல்லவேண்டிய வழி, நோயாளியின் வாயும் தொண்டையும் கழுத்துமே. அந்த வழியைப் பற்றிய முக்கியமான செய்திகள் பல, எந்த ஸ்கேனிலும் தெரியாதவை. நோயாளி மட்டுமே சொல்லக்கூடியவை. அவரிடம் பேசவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

பாக்கும் பான் மசாலாவும் நெடுங்காலம் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். தம் மூன்று விரல்களைச் சேர்த்து வாய்க்குள் வைக்க முடியாத நிலையில் வருபவர்கள் உண்டு. சோற்று உருண்டையைச் சிறிதாக்கி உண்ணப் பழகிவிட்டதால், அது அவர்களுக்கே பெரிதாகத் தோன்றியிராது. அத்தகையவருக்கு மயக்கம் கொடுத்த பின்னர் வாய் திறக்கவில்லை என்று கண்டறிவது பெரும் ஆபத்து. முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. நோயாளி விழித்திருக்கும்போதே, தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கின் வழியே உள்நோக்குக் கருவியின் துணையுடன் ஒற்றைக் குழாயைச் செலுத்தலாம். பின்னர் சிறு பலூன் தடுப்பானைக் கொண்டு ஒரு பக்கத்தை அடைக்கலாம்.

ஆடும் பல், கழற்றும் பற்செட், படுத்தால் வரும் குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தல், முன்பு நடந்த அறுவையில் "குழாய் போடச் சிரமமாக இருந்தது" என்று யாரோ சொன்ன ஒரு சொல் ஆகிய ஒவ்வொன்றும் எங்களுக்கு மதிப்புடையது. குறட்டையைப் பற்றி நோயாளியைவிட அவர் மனைவியோ கணவரோ நன்கறிவார்கள் என்பதால், அவர்களிடமும் கேட்கிறோம்.

ஒரு நிகழ்வை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறோம். நடுவயதுப் பெண்மணி ஒருவர், பழைய காசநோய் நுரையீரலில் விட்டுச்சென்ற குழிக்குள் பூஞ்சைக் கட்டி வளர்ந்து, இருமும்போதெல்லாம் இரத்தம் வரும் நிலையில் எங்களிடம் வந்தார். உறவினர்கள் சூழ அமர்ந்திருக்கையில், "இதற்கு முன் மருத்துவமனையில் சேர்ந்தது உண்டா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். மாலையில் செவிலியர் ஒருவர் தனியே அமர்ந்து தலைவாரிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்பு மனம் நொந்து பூச்சிமருந்து குடித்ததையும், இரண்டு வாரம் சுவாசக் கருவியில் கிடந்ததையும் சொல்லி அழுதிருக்கிறார். புகுந்த வீட்டாருக்கு அது தெரியாது. நீண்ட நாள் குழாய் இருந்தவர்களுக்கு மூச்சுக்குழலில் தழும்பு ஏற்பட்டு வழி குறுகியிருக்கக்கூடும். உடனே ஸ்கேனை மீண்டும் எடுத்து, குரல்வளைக்குக் கீழே நோக்கினோம். குறுக்கம் இருந்தது. மறுநாள் இருவழிக் குழாயைக் கைவிட்டு, மெல்லிய ஒற்றைக் குழாயையும் பலூன் தடுப்பானையும் கொண்டு அறுவையை முடித்தோம். அவர் நலமாக வீடு திரும்பினார். அந்த இரகசியம் எங்களிடமே இருக்கிறது.

அவரைக் காத்தது எந்தக் கருவியும் அன்று; தனியே, பதற்றமின்றி நடந்த ஓர் உரையாடல். நோயாளிக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று அவரைச் சுற்றி மதில் எழுப்பும் குடும்பம், அவர் எங்களிடம் சொல்லவேண்டியதையும் அறியாமலே அடைத்துவிடுகிறது.

காப்பியும் பீடியும்

அறுவை எவ்வளவு பெரியது என்று அறியாதவர், அதற்கான விதிகளையும் சிறியனவாகவே எண்ணுவார். எளிய உணவு உண்டபின் 6 மணி நேரமும், தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்கள் பருகியபின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்று சொல்கிறோம். எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் உண்டிருந்தால் இன்னும் கூடுதலான நேரம். "ஒரு வாய் காப்பிதானே" என்று விடியற்காலையில் கொடுத்துவிடும் அன்பை நாங்கள் அறிவோம். பால் கலந்த காப்பி தண்ணீரைப் போன்றதன்று. வயிற்றில் அது உணவாகவே தங்கும். மயக்கத்தின்போது அது மேலெழுந்து நுரையீரலுக்குள் சென்றால், நல்ல நுரையீரலும் கெடும். ஒரு நுரையீரலை நிறுத்தி மற்றொன்றை நம்பியிருக்கும் அறுவையில், அந்த இழப்பைத் தாங்க முடியாது. ஆகவே கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையைச் சில மணி நேரம் தள்ளிவைப்போம், உங்களைக் கடிந்துகொள்ளமாட்டோம்.

புகைப்பழக்கமும் அவ்வாறே. அறுவைக்கு 4 வாரங்களுக்கு முன்பேனும் நிறுத்துவது நன்று. அதற்கு நேரமில்லையெனில், முந்தைய நாள் நிறுத்தினாலும் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு குறைந்து ஆக்சிஜன் ஏற இடம் கிடைக்கும். தமக்கு வந்திருப்பது வெறும் சளி என்று நம்பும் ஒருவர், எதற்காகப் பீடியை விடவேண்டும்? உண்மையை அறிந்தவருக்கே அதை விடுவதற்கான காரணம் கிடைக்கிறது.

பிற்பாதி நோயாளியின் கையில்

இரண்டாவது காரணம் இதனினும் வலியது. நெஞ்சறை அறுவையின் முற்பாதியை நாங்கள் செய்கிறோம். பிற்பாதியைச் செய்யவேண்டியவர் நோயாளி. தையல் போட்டு, குழாயை எடுத்து, கண்விழித்த அந்த நிமிடத்திலிருந்து, ஆழ மூச்சிழுப்பதும் இருமிச் சளியைத் துப்புவதும் எழுந்து நடப்பதும் அவருடைய பணி. அவருக்காக மகன் கையெழுத்திடலாம். அவருக்காக மகன் இரும முடியாது.

விலா எலும்புகளுக்கிடையே வெட்டுப்பட்ட இடத்தில் ஒவ்வொரு மூச்சும் வலிக்கும். வலிக்கிறது என்று மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி தேங்கும். தேங்கிய சளி நிமோனியாவாக மாறும். அப்போது நாங்கள் எடுத்துவிட்ட குழாயை மீண்டும் போடவேண்டிய நிலையும் வரலாம். இதைத் தடுக்கவே முதுகுத்தண்டின் அருகே மெல்லிய குழல் வைத்து வலிநீக்கி மருந்து செலுத்துகிறோம். "முதுகில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுவதும் முதுகுவலி" என்று அஞ்சி, அதை மறுப்பவர்கள் பலர். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் அது நீடிக்கும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வது நெஞ்சறை நோயாளிக்கு வீரமாகாது. வலி இருந்தால் உடனே சொல்லுங்கள்.

மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலரும் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கன்று, மெதுவாக உள்ளே இழுப்பதற்கு. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். விலாவிலிருந்து வரும் வடிகுழாயின் நீர்ப்புட்டி எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கவேண்டும்; நடக்கும்போது அதைக் கட்டிலின்மேல் தூக்கி வைக்கவோ, நாங்கள் சொல்லாமல் குழாயை இறுக்கி அடைக்கவோ கூடாது. இவற்றையெல்லாம் அறுவைக்கு முன்பே, தெளிந்த மனத்துடன் கற்றுக்கொண்டவர் விரைவில் தேறுகிறார். சளிக்கட்டி என்று நம்பிப் படுத்து, நெஞ்சில் குழாயுடன் கண்விழிப்பவர் முதலில் கற்பது, தம் குடும்பத்தையும் எங்களையும் நம்பக்கூடாது என்பதைத்தான்.

1933 ஏப்ரலில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் அகற்றி வெற்றி கண்டார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். தம் நோய் என்னவென்று அறிந்தே அறுவை மேசையில் படுத்தவர். அதன்பின் அவர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். கிரகாமோ, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் எடுத்துக்காட்டிய ஆய்வாளர்களுள் ஒருவராக இருந்தும், நெடுங்காலம் புகைபிடித்தவர் என்பதால் 1957-இல் அதே நோயாலேயே இறந்தார். உண்மையை அறிந்து படுத்தவர் முதல்நாளே உடைந்துவிடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எங்கள்மீதும் குறை உண்டு

குடும்பத்தினரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. அறுவைக்கு முந்தைய இரவில், பாதி ஆங்கிலத்தில், நின்றபடியே ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, படிவத்தை நீட்டும் மருத்துவர்களும் நாங்களே. "ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பது விளக்கம் ஆகாது. சிக்கல்களின் பட்டியலைப் படித்துக் காட்டுவது எங்களைக் காத்துக்கொள்ளும் செயல். அது நோயாளிக்குத் துணிவு தருவதில்லை. மகன் கையெழுத்திட முன்வரும்போது, நேரம் மிச்சம் என்று நாங்களும் பேசாமல் இருந்துவிடுவதுண்டு. அறிவுத் தெளிவுடன் உள்ள வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக, அவசர நிலை இல்லாதபோது, உறவினர் தரும் ஒப்புதல் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான் இதைச் செய்யவேண்டும் என்பது எங்களுக்குப் பெருமை தருவதன்று.

எல்லா நோயாளிகளும் எல்லாவற்றையும் அறிய விரும்புவதில்லை என்பதும் உண்மையே. "எனக்குச் சொல்ல வேண்டாம் சார், என் மகளிடம் சொல்லுங்கள்" என்பவரின் விருப்பத்தையும் மதிக்கவேண்டும். ஆனால் அதை அவர் சொல்லவேண்டும். அவருக்காகப் பிறர் தீர்மானிக்கக்கூடாது. அப்படிப்பட்டவரிடமும் நோயின் பெயரைத் தவிர்த்து, மூச்சைப் பற்றியேனும் பேசியாக வேண்டும்: ஒரு நுரையீரலைச் சற்று நேரம் நிறுத்துவோம், தொண்டையில் குழாய் இருக்கும், விழித்ததும் நெஞ்சில் வடிகுழாய் இருக்கும், நீங்கள் இரும வேண்டும்.

ஆகவே நாங்கள் முன்வைப்பவை மூன்று. முதலாவது, நெஞ்சறை அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், முந்தைய இரவில் அன்றி, அறுவை நாள் குறிக்கப்படும்போதே மயக்கவியல் மருத்துவர் அமர்ந்து தமிழில் பேசவேண்டும். அதில் ஒரு பகுதி நோயாளியுடன் தனியே நிகழவேண்டும். இரண்டாவது, இயன்முறை மருத்துவர் மூச்சுப் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்பிக்க வேண்டும். கூட இருப்பவரும் உடன் கற்கவேண்டும். மூன்றாவது, குழாய் செலுத்துவதில் சிரமம் இருந்திருந்தால், என்ன சிரமம், எந்த வழி உதவியது என்பதை எழுதி, வீடு திரும்பும்போது நோயாளியின் கையில் தரவேண்டும். அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருங்கள். வேறொரு நாள், வேறோர் ஊரில், நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு, எங்களால் சொல்ல முடியாததை அது சொல்லும்.

உங்களிடம் நாங்கள் கேட்பதும் ஒன்று உண்டு. அடுத்தமுறை எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைக்கும்போது, "சொல்லிடாதீங்க" என்பதற்குப் பதிலாக, "எப்படிச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை, கூட இருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நாங்கள் வருவோம். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அமருங்கள். நாளை அவர் இழுக்கவேண்டிய முதல் மூச்சைப் பற்றி, இன்றே அவரிடம் பேசுவோம்.